அம்மாவைச் சித்தி என்று கூப்பிட்ட வருடங்கள்

அன்புள்ள சாமு,

போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்திருந்தபோது நீ அவர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாய். "எங்கம்மா சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்தவங்க. சர்ச் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சு டீச்சர் ஆனவங்க" என்றாய். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அம்மாவுக்குக் கூச்சம் என்று நீ நினைத்திருப்பாய். கூச்சமில்லை. நீ சொன்னதில் பாதிதான் உண்மை. அப்படி உனக்குச் சொல்லிவைத்தவள் நான்தான். உன் அப்பாவிடம் கல்யாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இப்போது நீ உன் கல்யாணத்தன்று அந்த ஹாஸ்டல் பிள்ளைகளை மண்டபத்துக்கு வரவழைத்து விருந்து போடப்போகிறேன் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நடுவிலேயே அழுதுவிடுவேன். நீயும் "விடும்மா" என்று எழுந்து போய்விடுவாய்.

உன் தாத்தா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை வாரி மேலே போடுவது அவர் வேலை. நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம் ஷாப்பின் பின்பக்கம் கழிவுத் தண்ணீர்க் குழி அடைத்துக்கொண்டது. அதைக் குத்திவிட ஒருவர் இறங்கினார். இறங்கியவர் எழுந்திருக்கவில்லை. அவரைத் தூக்க என் அப்பா இறங்கப் போனார். மேலே நின்றவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்களாம். "அங்க மூஞ்சி குப்புறக் கெடக்கறான், பாத்துக்னு நிக்கச் சொல்றியா" என்று கேட்டுவிட்டு இறங்கினாராம். இரண்டு பேரையும் கயிறு போட்டுத்தான் எடுத்தார்கள். அடக்கத்துக்கு முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது, மாலை வந்தது. சில நாள் கழித்து மேஸ்திரி வந்து, அம்மாவுக்கு உப்புத் தோலை உதறி அடுக்குகிற வேலை தருவதாகச் சொன்னார். அம்மா போனாள். என் முழுப்பரீட்சை முடிந்ததும் மேஸ்திரி மறுபடியும் வந்தார். "பொண்ணு வளந்துட்டா. ஊட்ல இன்னாத்துக்கு சும்மா குந்திக்னு இருக்கா? கூட இட்டுக்னு வா, ஒரு வேல போட்டுக் குடுக்கறேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவருடைய மகளும் அங்கேதான் வேலை செய்தாள்.

வேலூரில் எங்கள் சபை நடத்திய பெண்கள் ஹாஸ்டல் ஒன்று இருந்தது. ஹைஸ்கூலிலும் அதற்குப் பிறகு டீச்சர் ட்ரெயினிங்கிலும் படிக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கு அங்கே சாப்பாடு, துணி, புத்தகம், படுக்க இடம் எல்லாம் இலவசம். வெளிநாட்டுச் சபைகள் உதவி செய்தன. ஆனால் தாயும் தகப்பனும் இரண்டு பேருமே இல்லாத பிள்ளைக்குத்தான் இடம். ஒருவர் உயிரோடு இருந்தாலும் கிடையாது. கேட்டு நின்ற பிள்ளைகள் ஜாஸ்தி, இடம் கம்மி. எங்கேயாவது கோடு போட்டாக வேண்டும், ஹாஸ்டல் கமிட்டிக்காரர்கள் அங்கே போட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கோபத்தோடு படிக்கக் கூடாது.

எங்கள் தெருச் சபையைப் பார்த்துக்கொண்டவர் சாலமோன் உபதேசியார். பாதிரியார் மாதத்துக்கு ஒரு முறை வருவார், மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது எல்லாம் இவர்தான். ஒரு சாயங்காலம் அம்மா அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"உபதேசியாரே, எங்கூட்டுக்காரர் செத்துட்டாரு. நானும் செத்துட்டேன்னு கமிட்டில சொல்லிடுங்க."

"இன்னா பேச்சும்மா இது? உசுரோட இருக்கறவள செத்துட்டான்னு கர்த்தர் சந்நிதில எப்படிச் சொல்றது?"

"கர்த்தருக்குத் தெரியும் நான் எதுக்கு சொல்றேன்னு. கமிட்டிக்குத்தான் தெரியாது. இவள ஷாப்புக்கு இட்டுக்னு போய்ட்டா அப்புறம் எவன் வந்து படிக்க வெப்பான்? நீங்க படிக்க வெப்பீங்களா?"

அவருக்கே வீட்டில் நாலு வாய். கடைசியில் எழுந்தபோது, "மாட்டிக்கினா என் வேலையும் போவும், தெரிஞ்சிக்கோ" என்று மட்டும் சொன்னார். உன் பாட்டியின் பெயர் அன்னம்மாள். நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஹாஸ்டலில் விட அவளேதான் கூட்டிப்போனாள், என் சித்தியாக. பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது, "இனிமே என்ன சித்தின்னு கூப்புடு. இப்பவே ஒரு வாட்டி கூப்புட்டுப் பாரு" என்றாள். நான் கூப்பிடவில்லை. "கூப்புடு, வாய் பழகணும்" என்றாள். மெதுவாகச் சித்தி என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு, வேலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சபையின் உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலையில் கோதுமை உப்புமா, மத்தியானம் சோறு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாவாடை சட்டை, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி. வீட்டில் நான் அப்படி வயிறு நிறையத் தின்றதில்லை. எங்களைப் பார்த்துக்கொண்ட மேட்ரனம்மா அதட்டுவார், ஆனால் எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒன்றுதான் கஷ்டம். தினமும் சாயங்கால ஜெபத்தில் "தாய் தகப்பனற்ற எங்களுக்கு" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லவேண்டும். அந்த வார்த்தை வரும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன். சொல்லிவிட்டால் அங்கே ஆம்பூரில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

மாதத்தின் முதல் ஞாயிறு உறவுக்காரர்கள் பார்க்க வரலாம். முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு யாரும் வர மாட்டார்கள். அம்மா ஒரு மாதமும் தவறவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் புங்க மரத்தடியில் உட்காருவாள். எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் ஷாப்பு வாடை அவள்மேல் இருக்கும். சில பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். கிருபா மட்டும் ஓட மாட்டாள். அவள் எனக்கு இரண்டு வகுப்பு கீழே, பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண். அவளைப் பார்க்க வருவது அவளுடைய பெரியப்பா. ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து இரண்டு கண்ணும் போனவர். பஸ்ஸில் ஏறி, விசாரித்து விசாரித்து, கோலைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவரும் அம்மாவும் அந்த மரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார்கள். அம்மா எனக்குத் தலை வாரிவிட்டு, பிறகு கிருபாவைக் கூப்பிட்டு அவளுக்கும் வாரிவிடுவாள். அந்த மனிதர் பின்னலைத் தடவிப் பார்த்து, "நல்லா இறுக்கமா பின்னிக்கிறீங்கம்மா" என்பார்.

பத்தாம் வகுப்பில் ஒரு முறை சபையின் ஆண்டு விழா, உறவுக்காரர்கள் பார்க்க வருகிற ஞாயிறன்றே வந்தது. உதவி செய்கிற நாட்டிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். சபைக் கோயில் நிறையக் கூட்டம். ஆராதனை நடுவில் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். "இந்தப் பிள்ளைகளுக்கு இந்த உலகத்தில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. சபைதான் இவர்களுக்குத் தாய், சபைதான் தகப்பன்" என்று பாதிரியார் சொன்னார். பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். எங்களைத் திரும்பி, கூடியிருந்த சபையைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். கடைசி வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் எங்களைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கிருபா என் கையைப் பிடித்து நகம் பதிகிற மாதிரி அழுத்தினாள். அவளுக்கு என் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நான் பயந்துபோனேன்.

சாமு, நீ போடப்போகிற விருந்தைப் போடு. நல்லது. ஆனால் அந்தப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லாதே. மேடைக்குக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்காதே. இவர்கள் யாருமில்லாதவர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்ல யாரையும் விடாதே. மற்ற விருந்தாளிகளோடு உட்காரவை, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேள், அவ்வளவு போதும்.

அப்போதெல்லாம் பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு முந்தின மாதம் அம்மா வந்தபோது வலது கையில் துணி சுற்றியிருந்தாள். கேட்டதற்கு, "உப்புத் தோலு கிழிச்சிடுச்சி, ஒண்ணுமில்ல" என்றாள். இடது கையால் தலை வாரினாள். வகிடு கோணலாகப் போனது. "அடுத்த மாசம் பரிட்ச முடிஞ்சிரும் இல்ல?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். முடிந்ததும் என்னோடு ஒரு நாள் வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்றாள். இத்தனை வருடம் வந்து போகிறவள், கோட்டைக்குள் போனதே இல்லை.

பரீட்சை தொடங்க ஒரு வாரம் இருந்தது. காலையில் படித்துக்கொண்டிருந்தவளை ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னார்கள். சாலமோன் உபதேசியார் நின்றுகொண்டிருந்தார். ஹாஸ்டல் செயலாளர் நாற்காலியில் இருந்தார், ரிடையர் ஆன ஹெட்மாஸ்டர். மேட்ரனம்மாவும் இருந்தார். உபதேசியார் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே, "சித்தி தவறிப்போச்சும்மா" என்றார்.

செயலாளர் பரிவாகத்தான் பேசினார். "துக்கம்தாம்மா. ஆனா சித்தி சாவுக்கெல்லாம் லீவு குடுக்கற வழக்கம் இல்ல. பரீட்சை வேற கிட்ட வந்துடுச்சு. நாம இங்கயே ஜெபம் பண்ணிக்கலாம், உக்காரு."

உபதேசியார் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கெஞ்சலா, இல்லை நீயே சொல்லிவிடு என்பதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அவருடைய வேலை ஞாபகம் வந்தது. பரீட்சை ஞாபகம் வந்தது. எல்லாம் ஞாபகம் வந்தும், "சித்தி இல்ல சார். அது எங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மேட்ரனம்மா உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், நான் இவள ஆம்பூருக்கு இட்டுட்டுப் போறேன். மத்தத வந்து பேசிக்கலாம்" என்றார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

பஸ்ஸில்தான் உபதேசியார் நடந்ததைச் சொன்னார். கையில் முதலில் ஒரு கொப்புளம்தான் வந்திருக்கிறது. பிறகு நடுவில் கறுத்து, கை முழுக்க வீங்கி, காய்ச்சல் அடித்திருக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் வண்டி வரைக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார். அம்மா வர மறுத்துவிட்டாள். "அங்க நர்சுலேர்ந்து எல்லாம் நம்ம சபை ஆளுங்க. புள்ளகுட்டி உண்டான்னு கேப்பாங்க, யாராச்சும் இவள இட்டுக்னு வந்து நிறுத்துவாங்க. அவ பரிட்ச முடியட்டும்" என்றாளாம். தோலிலிருந்து தொற்றுகிற அந்த நோய்க்கு வேளையோடு ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வார்கள் என்று வேலூர் பாகாயத்தில் நர்ஸாக இருந்த ஒரு தோழி எனக்குப் பின்னாளில் சொன்னாள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் தெருவில் நுழைந்தபோது பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் வெள்ளைப் புடவையில் மேட்ரனம்மாவைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. ஹாஸ்டல் ஆள் வந்தால் எப்படிப் பேசவேண்டும் என்று அம்மா சாகிறதுக்கு முன்னால் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். ஒருத்தி என் தோளைப் பிடித்து, "வா பாப்பா, உங்க சித்தியப் பாரு" என்றாள். பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கையைத் துணியால் மூடியிருந்தார்கள். நான் குனிந்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் போனேன். இனி யாருக்கும் பயப்பட வேண்டாம், கூப்பிடலாம். வாயைத் திறந்தேன். சித்தி என்றுதான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் அதுதான் வந்தது. பக்கத்து வீட்டு ஜைத்தூன் பீ என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அம்மான்னு கூப்புடு கண்ணு. இனிமே இன்னா பயம்" என்றாள். அவள் சொல்லிக்கொடுத்துத்தான் கூப்பிட்டேன்.

திரும்பி வந்த மறுநாள் கமிட்டி கூடியது. என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே பேசியது காதில் விழுந்தது. ஒருவர், "பொய் சொல்லி ஒரு அநாதப் புள்ளையோட எடத்தப் பிடிச்சிருக்கு, உடனே அனுப்பிடணும்" என்றார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. அந்த இடம் கிடைக்காமல் எங்கேயோ ஒரு பெண் ஷாப்புக்குப் போயிருப்பாள். பிறகு செயலாளர் பேசினார். "நேத்து வரைக்கும் நீங்க சொல்றது சரி. இன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. நம்ம விதிப்படி இப்பதான் அவளுக்கு எடம் உண்டு." அப்படியே முடிவானது. என்னை உள்ளே கூப்பிட்டு, பரீட்சை எழுதி, டீச்சர் ட்ரெயினிங் முடிகிறவரை இங்கேயே இருந்து படிக்கலாம் என்றார்கள். நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

சாலமோன் உபதேசியாருக்கு வேலை போனது. ஜோலார்பேட்டைக்குப் போய் ரயில்வேக்காரர்களின் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். நான் டீச்சராகி முதல் வேலைக்கு அந்த ஊருக்கே போனபோது அவரைத் தேடிப் பார்த்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "உங்கம்மா மாதிரி ஒரு பொம்பளைய நான் பாத்ததில்ல" என்றார். அங்கே உன் அப்பாவை எனக்குக் காட்டினவரும் அவர்தான். உன் சின்ன வயதில் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவாரே, டியூஷன் தாத்தா, அவர்தான்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை உனக்கு எப்போதோ சொல்லியிருப்பேன். கமிட்டி என் விஷயத்தோடு நிற்கவில்லை. இன்னும் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க, ஒவ்வொரு ஊர்ச் சபைக்கும் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். நான் பரீட்சை எழுதி முடிப்பதற்குள் விசாரணையும் முடிந்தது. சில பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அதில் கிருபாவும் ஒருத்தி. அவளுக்குத் தாய்தான் இல்லை. புங்க மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்த அந்தக் கண் தெரியாத மனிதர் அவளுடைய பெரியப்பா இல்லை.

அவள் பெட்டியைக் கட்டும்போது நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னால்தான் என்று சொன்னேன். அவள் பாவாடைகளை மடித்துக்கொண்டே, கோபமில்லாமல், "உனுக்கு இன்னாக்கா, உங்கம்மா செத்துட்டாங்க. நீ இருக்கலாம்" என்றாள். கணக்குப் பாடத்தில் விடை சொல்கிற மாதிரி சொன்னாள். படிப்பில் கெட்டிக்காரி. ஒரு வருடம் கழித்து அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்குமேல் தெரியவில்லை. நான் விசாரித்த இடங்களிலும் யாருக்கும் தெரியவில்லை.

நான் வாங்கிய சம்பளம், நீ பிறந்த வீடு, நீ படித்த படிப்பு எல்லாம் அந்த ஹாஸ்டல் சோற்றிலிருந்து வந்ததுதான். அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. ஆனால் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிற இடத்தில் நீ என்றாவது உட்கார்ந்தால், எதிரே நிற்கிறவருக்கு இன்னும் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்து அதைக் குற்றமாக எழுதாதே. உன் மனைவியாக வரப்போகிறவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. அவளும் படிக்கட்டும்.

கிருபா போன காலையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். அவளுடைய தகரப் பெட்டியை நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தோம். அந்தக் கண் தெரியாத மனிதர் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு. பாதி வழியில் கிருபா பெட்டியை என்னிடம் விட்டுவிட்டாள். "அப்பா" என்று கூப்பிட்டாள். அந்த வளாகத்தில் ஒரு பிள்ளை அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, கோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். அவள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். நான் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். எனக்கு இடம் இருந்தது, அவளுக்கு இல்லை. ஆனாலும் அந்த நிமிஷம் அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

அம்மா